தூண்டில் ராடில் நெய்யும் உருவம் ஏன் சாய்கிறது, எப்படி நேராக வைப்பது?

நண்பர் கேட்டது சுருக்கமாக இதுதான். தூண்டில் ராடு சொந்தமாகக் கட்டுகிறார். பிடிக்கு மேலே பிளாங்க் (ராடின் வெறும் குழாய்) தடிமனாக இருக்கும் இடத்தில் 31 நூல் அகலத்துக்கு ஒரு மீன் உருவம் நெய்திருக்கிறார். தலைப் பக்கம் நேராக வந்தது. வால் வரும்போது மீன் அப்படியே பக்கவாட்டில் திரும்பிவிட்டது. பிளாங்கின் நீளவாக்கில் நடுக்கோடு போட்டுக்கொண்டு செய்து பார்த்தார், சரியாகவில்லை. நூலை நன்றாக இறுக்கிச் சுற்றிப் பார்த்தார், முன்பைவிட மோசமாகச் சாய்ந்தது. ஏன் இப்படி, என்ன செய்யலாம் என்கிறார்.

இறுக்கினால் மோசமாகிறது என்று சொன்னாரே, பதில் அங்கேதான் இருக்கிறது. குறுக்கே சுற்றுகிற நூலின் இறுக்கம்தான் உருவத்தைச் சாய்க்கிறது. கோடு போடுவது சாய்வதைக் காட்டிக்கொடுக்கும், தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் குறுக்கு நூலின் இறுக்கத்தைக் குறைத்து, நீளவாக்கில் ஓடும் நூல்களை அதைவிட உறுதியாகப் பிடித்து வைக்க வேண்டும். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். ராடு கட்டும்போது, தூண்டில் நரம்பு நுழைந்து ஓடும் கைடு வளையங்களை நூல் சுற்றித்தான் பிளாங்கில் பொருத்துகிறோம். அதே நூலை வைத்துப் பிடிக்கு மேலே அலங்காரம் செய்வது அமெரிக்காவில் தனி ராடு கட்டுபவர்களிடம் பெரிய கலையாக வளர்ந்தது. அந்த அலங்காரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நூலைச் சாய்வாகச் சுற்றி முன்னும் பின்னும் கொண்டுபோய், குறுக்கே வெட்டும் இடங்களில் வைரம், அம்பு போன்ற வடிவங்களை எழுப்புவது. இன்னொன்று நெசவு. பிளாங்கின் நீளவாக்கில் பல நூல்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, இன்னொரு நூலைக் குறுக்கே சுற்றிக்கொண்டே போவது. ஒவ்வொரு சுற்றிலும் எந்த நீள நூல் மேலே தெரிய வேண்டும், எது அடியில் மறைய வேண்டும் என்பதைக் கட்டம் போட்ட தாளைப் பார்த்து முடிவு செய்வோம். கேள்வி இந்த இரண்டாவது வகை பற்றியது.

தறி பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். நீளவாக்கு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. இந்தப் பெயர்களையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். தறியில் பாவு இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சீப்புப் பல் மாதிரி இருக்கும் அச்சு ஒவ்வொரு இழையையும் அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும். ஊடை இந்தப் பக்கம் போனால் அடுத்த முறை அந்தப் பக்கம் திரும்பி வரும். ராடில் இந்த மூன்றுமே கிடையாது. பாவின் ஒரு முனை மட்டும்தான் கட்டியிருக்கிறது, மறுமுனை கையில். அச்சு இல்லை. ஊடை எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது.

அந்த ஒரே திசைதான் வினை. ஊடை இறுக்கமாக வந்து பாவின் மேல் படியும்போது, தான் போகும் பக்கமாகப் பாவை உரசி இழுக்கிறது. ஒரு சுற்றில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் எத்தனை சுற்று என்று பாருங்கள். டி அளவு நைலான் நூலின் தடிமன் ஏறக்குறைய 0.25 மி.மீ., ஏ அளவு 0.15 மி.மீ. டி நூலில் நெய்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 40 வரிசை, 7 செ.மீ. நீள மீனுக்கு 280 வரிசை. ஒரு வரிசைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5.6 மி.மீ. ஆகிவிடும். 12 மி.மீ. விட்டமுள்ள பிளாங்கின் சுற்றளவு 37.7 மி.மீ. அதாவது மீனின் வால் ராடைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு தூரம் போயிருக்கும், 50 பாகைக்கு மேல். கேட்டவருக்கு நடந்தது அநேகமாக இதுவேதான்.

இன்னொரு காரணத்தையும் பலர் சொல்வார்கள். ஊடை திருகு போல ஏறுவதால் வரிசையே சாய்வாக இருக்கிறது, அதனால்தான் உருவம் சாய்கிறது என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. ஒரு முழுச் சுற்றுக்கு ஊடை ஏறுவது ஒரு நூல் தடிமன், 0.25 மி.மீ. 37.7 மி.மீ. தூரத்துக்கு 0.25 என்றால் சாய்வு 0.4 பாகைகூட வராது. அதுவும் வரிசைகளைத்தான் துளி சாய்க்கும், பாவைச் சுற்றித் திருப்பாது. அதை நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, இறுக்கத்துக்கு வருவோம். கைடு கட்டும்போது எவ்வளவு இறுக்கம் வைக்கிறீர்களோ, நெசவுக்கு அதைவிடக் குறைவாக வையுங்கள். கைடு கட்டுக்கே அளவு என்னவென்றால், கட்டி முடித்த பிறகும் கைடை விரலால் லேசாகத் தள்ளி நேராக்க முடிய வேண்டும். நெசவில் இன்னும் கொஞ்சம் தளர்வு தேவை. சுற்றிய ஊடையை நகத்தால் தள்ளினால் தயங்கி நகர வேண்டும், ஆனால் ராடைத் திருப்பும்போது தானாக அவிழக் கூடாது. நூல் தாங்கியில் இருக்கும் ஸ்பிரிங்கை இந்த அளவுக்குத் தளர்த்திவிட்டு, மீன் தொடங்குவதற்கு முன்னால் சில வரிசை வெறும் நெசவு போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்துச் சுற்றும் ஆளாக இருந்தாலும் நெசவுக்கு மட்டும் கையால் திருப்புங்கள். மோட்டார் கிளம்பும்போது வரும் வெடுக்கென்ற இழுப்பு ஒரே வரிசையில் பல வரிசைக்கான நகர்வைத் தந்துவிடும்.

தளர்வாகச் சுற்றினால் பின்னால் கட்டு தளர்ந்துவிடாதா என்ற பயம் வரும். கைடு கட்டு மீனின் இழுப்பைத் தாங்க வேண்டும், நெசவு எதையும் தாங்க வேண்டியதில்லை. மேலே பூசும் எபாக்சி என்ற கெட்டியாகும் பசைப் பூச்சுதான் அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

அடுத்தது பாவு. இங்கேதான் கை வேலை அதிகம், விரிவாகவே சொல்கிறேன்.

பொதுவாக நெய்யும் முறை இது. அந்த வரிசையில் மேலே தெரிய வேண்டிய பாவு நூல்களை மட்டும் ஊசியால் எடுத்து, நெய்து முடித்த பக்கமாக மடக்கி வைப்போம். ஊடையை ஒரு சுற்றுச் சுற்றுவோம். மடக்கியதை மறுபடி முன்னால் படுக்க வைப்போம். மடக்காமல் விட்டவற்றின் மேல் ஊடை போயிருக்கும், அவை மறைந்துவிடும். மடக்கியவை ஊடையின் மேல் வந்து படியும், அவை தெரியும். இப்படி ஒவ்வொரு வரிசையிலும் பத்து, இருபது நூலைத் தூக்கிப் படுக்க வைக்கிறோம். படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் அது நேராகப் படுத்ததா, கொஞ்சம் பக்கவாட்டில் படுத்ததா என்பதுதான் கேள்வி.

நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். ராடு உங்களுக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது. நூலைப் பிடித்து இழுக்கும் கை, தன்னை அறியாமல் உங்கள் நெஞ்சுப் பக்கமாகத்தான் இழுக்கும். ராடின் நீளத்துக்கு நேராக இழுப்பது கைக்கு இயல்பில்லை. அதனால் ஒவ்வொரு நூலும் உங்கள் பக்கமாக ஒரு துளி சாய்ந்தே படிகிறது. ஊடை இழுக்கும் திசையும் அதுவாகவே இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்கு வழி, நூலை இழுக்கும்போது நெசவின் முகம் நேர் மேலே பார்க்கும்படி ராடை நிறுத்திவிட்டு, கையைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுபோய், ராடின் நுனி இருக்கும் திசையில் இழுப்பது. முதலில் சிரமமாக இருக்கும். நாற்காலியைக் கொஞ்சம் நுனிப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தால் பாதிச் சிரமம் தீரும்.

இழுத்த நூல் அப்படியே நிற்க வேண்டுமே. அதற்கு நான் நம்புவது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய கெட்டியான ஸ்பாஞ்சை, நெசவுக்கு ஒரு சாண் முன்னால், பிளாங்கின் மேல் ஒரு வெல்க்ரோ பட்டியால் கட்டிவிடுவேன். மேல் பக்கத்தில் பிளேடால் நெருக்கமாகக் கீறல்கள் போட்டு வைத்திருப்பேன். நடுக் கீறல் நடுக்கோட்டின் மேல் சரியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு பாவு நூலும் தன் கீறலுக்குள் அமுங்கி உட்காரும். மடக்க வேண்டியபோது மேலே தூக்கினால் வந்துவிடும், படுக்க வைக்கும்போது இழுத்துக் கீறலில் அழுத்தினால் அந்த இழுப்போடு நிற்கும். தறியின் அச்சு செய்கிற வேலையை இது ஓரளவுக்குச் செய்துவிடுகிறது. வரிசையும் குழம்பாது, பக்கவாட்டிலும் போகாது. நெசவு முன்னேற முன்னேற ஸ்பாஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நடுக் கீறலைக் கோட்டோடு சரிபார்க்க வேண்டும். பின்பக்கம் மடக்கிய நூல்கள் ராடு சுற்றும்போது தொங்கிப் புரளாமல் இருக்க அங்கே ஒரு தளர்வான ரப்பர் வளையம் போதும்.

பாவு நூல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். 31 என்பதால் நண்பருக்கு இது ஏற்கெனவே சரிதான், 16ஆவது நூல் நடு. அந்த நடு நூலின் நுனியில், கடைசியில் வெட்டி எறியப்போகும் பகுதியில், மார்க்கர் பேனாவால் நிறம் வைத்துவிடுங்கள். கோட்டோடு ஒப்பிட வேண்டியது அந்த ஒரே நூலைத்தான்.

அப்புறம் ஓரங்கள். உருவத்துக்குத் தேவையான நூல்களோடு, இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு நூல் கூடுதலாக வையுங்கள், ஊடையின் அதே நிறத்தில். இவற்றை மட்டும் வரிசைக்கு வரிசை ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாற்றி மாற்றி நெய்துகொண்டே போங்கள். ஒரே நிறம் என்பதால் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் ஊடை இவற்றைக் கட்டிப்போடுவதால் ஓரம் நகராது. உள்ளே இருக்கும் நூல்களும் அந்த இரண்டு வேலிக்குள் அடங்கி நிற்கும். இது நெசவை உறுதியாக்கும், வேலையைக் கொஞ்சம் கூட்டும். என் கருத்தில் கூடுகிற வேலைக்கு மேலாகவே பலன் உண்டு.

மிதக்கும் நூல்கள் இன்னொரு தொல்லை. மீனின் வயிறு போன்ற பெரிய நிறப் பரப்பில் ஒரு பாவு நூல் தொடர்ந்து பத்து, பன்னிரண்டு வரிசை மேலேயே ஓடும். நடுவில் எதுவும் அதைக் கட்டவில்லை. அந்த நூல் வில்லாக வளையும், பக்கத்து நூலின் மேல் ஏறும், எபாக்சி பூசும்போது தூரிகையோடு நகரும். ஐந்தாறு வரிசைக்கு மேல் எதையும் மிதக்க விடாமல், நடுவில் ஒரு வரிசை ஊடைக்கு அடியில் நுழைத்து எடுங்கள். அந்தக் கட்டுப் புள்ளிகளை அடுத்தடுத்த நூல்களில் ஒரே வரிசையில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் செதில் போல அழகாகவே தெரியும். பாவுக்கு டி நூலும் ஊடைக்கு ஏ நூலும் எடுத்துக்கொண்டால் புள்ளி இன்னும் மெல்லியதாகிவிடும். மெல்லிய ஊடைக்கு இழுப்பும் குறைவாகவே தேவைப்படும் என்பது கூடுதல் நன்மை.

இனி கோடு. உருண்டையான, போகப்போக மெலிகிற ஒரு குழாயில் நேர்க்கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை, கண் மதிப்பில் போட்டால் கோடே திருகும். எளிய வழி காகிதப் பட்டை. பிடி முடியும் இடத்தில் ஒரு மெல்லிய பட்டையைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தைக் குறித்து வெட்டுங்கள். இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் சுற்றளவு நான்காகப் பிரிந்துவிடும். நெசவு முடியும் இடத்துக்கு அப்பால் இன்னொரு பட்டை, அந்த இடத்துச் சுற்றளவுக்கு ஏற்றபடி. இரண்டின் தொடக்கப் புள்ளியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதற்கு ராடைச் சமதளமான மேசையில் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, இரண்டு இடத்திலும் பிளாங்கின் நடு மையம் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி அட்டை செருகிச் சரிசெய்யுங்கள். அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கட்டி, கட்டையை மேசை மேல் நகர்த்திக் கோடு இழுங்கள். பிளாங்க் அசையாமல் இருந்தால் இதைவிட நேரான கோடு கிடைக்காது. கருப்பு கிராஃபைட்டில் வெள்ளை மெழுகுப் பென்சில் தெரியும், பின்னால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கூர்மையான எதையும் வைத்துக் கீறாதீர்கள், கிராஃபைட் பிளாங்கில் கீறல் விழுந்த இடம் பின்னால் உடையும் இடமாகலாம்.

நெசவுக்கு அடியில் பிளாங்கை மூடி முதலில் சுற்றும் நூலான அடிச்சுற்று போட்டால் அந்தக் கோடு மறைந்துவிடும் என்பது பலருக்கும் வரும் சிக்கல். அடிச்சுற்றுக்கு வெளியே இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டை அதன் மேல் குறித்து வையுங்கள். அடிச்சுற்று முடிந்ததும் அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில், எடுப்பான நிறத்தில் ஒரு நூலை இழுத்து ஒட்டினால் அதுவே கோடு. நெசவு முன்னேறும்போது அது பாவுக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பரவாயில்லை. ஒப்பிட வேண்டியது எப்போதும் கடைசி வரிசையில் நடு நூல் நிற்கும் இடத்தை, அதற்கு முன்னால் திறந்து கிடக்கும் கோட்டோடு.

அடிச்சுற்றைப் பற்றி இன்னொன்று. அதன் மேல் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகப் பளபளப்பை எடுத்துவிடுங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பாவு வழுக்கும். பூச்சே இல்லாத அடிச்சுற்றும் நினைப்பது போல அவ்வளவு பிடிக்காது. அதன் பள்ளங்கள் எல்லாம் ராடைச் சுற்றித்தான் ஓடுகின்றன, பாவு நகரப் பார்ப்பதும் அதே திசையில்தான்.

கோட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நடுக்கோடு மட்டுமல்லாமல் இரண்டு ஓரத்துக்கும் கோடு போட்டு, ஓர நூல் அந்தக் கோட்டில் போகிறதா என்று பார்ப்பார்கள். மெலிகிற பிளாங்கில் இது தப்பான வழி காட்டும். அகலமான ஒரு நெசவை எடுத்துக்கொள்வோம், 12 மி.மீ. விட்டத்தில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 60 பாகை வரை போகிறது. அங்கே நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் சுமார் 6.3 மி.மீ. பிளாங்க் 11 மி.மீ. ஆக மெலிந்த இடத்தில் அதே 60 பாகைக் கோடு 5.8 மி.மீ. தூரத்தில்தான் இருக்கும். நூல்களின் எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே நெசவின் அகலம் அதே 6.3. ஓர நூல் கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். நெசவு நேராகத்தான் இருக்கிறது, கோடுதான் உள்ளே வருகிறது. அது தெரியாமல் ஓரத்தைக் கோட்டுக்குள் தள்ளப் பார்த்தால் நல்ல நெசவும் கெடும். இரண்டு ஓரமும் ஒரே அளவு வெளியே வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வெளியே வந்து மறுபக்கம் உள்ளே போனால் சாய்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் ஓரக் கோடு உதவும்.

மெலிவு இன்னொரு விதத்திலும் வேலை செய்யும். தடித்த பக்கத்திலிருந்து மெல்லிய பக்கம் நோக்கி நெய்தால், ஒவ்வொரு ஊடைச் சுற்றும் முந்தையதை விட்டு விலகிச் சரியப் பார்க்கும், இடைவெளி விழும். இடைவெளியை மூட நாம் இறுக்குவோம், இறுக்கினால் சாயும். மெல்லிய பக்கத்திலிருந்து தொடங்கிப் பிடியை நோக்கி நெய்தால் சுற்றுகள் தாமாகவே ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும், இறுக்கமே தேவைப்படாது. மெலிவு அதிகமுள்ள பிளாங்கில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன். கட்டத்தாளை மட்டும் தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும், அப்புறம் இழுக்கும் திசையும் ஸ்பாஞ்சும் பிடிப் பக்கமாக மாறும். அதனால் பிடி ஒட்டுவதற்கு முன்னால் நெய்வது வசதி.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. நெசவு முழுக்க ஒரே அளவு, இரண்டு மூன்று பாகை, கோட்டை விட்டுத் தள்ளி நின்றுவிட்டால் ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டையும் கைடுகளையும் அதற்குத் தக்கபடி திருப்பி ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பிளாங்கின் முதுகெலும்பு, அதாவது வளைக்கும்போது அது தானாகத் திரும்பி நிற்கும் பக்கம், பார்த்துக் கைடு வைக்கிறவர்கள் அந்தக் கோட்டை முதலிலேயே குறித்துக்கொண்டுதான் நெசவின் நடுவையும் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். முழுக்கத் தள்ளி நிற்பது தொடக்கத்தில் வைத்த இடத்தின் பிழை. போகப்போக ஒரே பக்கம் திரும்புவது ஊடை இறுக்கத்தின் வேலை. அங்குமிங்கும் பாம்பு போல நெளிந்தால் பாவை இழுத்த கையில் ஒழுங்கு இல்லை என்று அர்த்தம், அநேகமாக வேலையை விட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்த இடங்களில்தான் அந்த நெளிவு இருக்கும். நைலான் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தளரும் நூல். இரவில் அப்படியே விட்டுவிட்டுப் போனால் காலையில் பாவு தொய்ந்திருக்கும். எழுந்து போகும்போது எல்லாப் பாவு நூலையும் முன்னால் படுக்க வைத்து மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மறுபடி உட்கார்ந்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துவிட்டுத்தான் அடுத்த வரிசை.

சாய்வைத் திருத்துவது எப்படி? ஐந்தாறு வரிசைக்கு ஒரு முறை பார்த்துவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. நெசவின் முகம் நேர் மேலே பார்க்கும்படி ராடைத் திருப்பி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனிப் பக்கத்திலிருந்து பாருங்கள். நடு நூல் கோட்டை விட்டு அரை நூல் தடிமன் நகர்ந்திருந்தாலே திருத்த வேண்டியதுதான். வழவழப்பான பிளாஸ்டிக் அல்லது எலும்புத் தட்டையை நெசவின் பக்கவாட்டில் வைத்து, கடைசிச் சில வரிசைகளை மட்டும் சுற்றுக்கு எதிர்த்திசையில் மெல்லத் தள்ளினால் ஒன்றாக நகரும். ஊடை தளர்வாக இருந்தால்தான் இது முடியும். இருபது, முப்பது வரிசை தாண்டிவிட்டால் தள்ள முடியாது, தள்ளினாலும் அந்த இடத்தில் ஒரு முறிவு தெரியும். அப்போது அவிழ்ப்பதுதான் வழி. சிலர் தொடக்கத்திலேயே பாவை எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்டி, சாய்வு தானாகச் சமனாகிவிடும் என்று கணக்குப் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நூல் நிறம் மாறினாலே உராய்வு மாறுகிறது, எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாது.

உருவம் சாயாமலே நீண்டோ குட்டையாகவோ வந்தால் அது வேறு கதை, கட்டத்தாளின் கணக்கு. பாவு 20 நூல் எவ்வளவு அகலம், ஊடை 20 வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு துண்டுப் பிளாங்கில் நெய்து அளந்து, அந்த விகிதத்தில் படத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

நூல் தேர்வில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாதாரண நைலான் நூல் எபாக்சி பட்டதும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், அடியில் மறைந்திருக்கும் பாவின் நிறம் எல்லாம் மேலே தெரிந்து உருவம் கலங்கிவிடும். நிறக்காப்புப் பூச்சு தேவைப்படாத, ஒளி ஊடுருவாத என்.சி.பி. வகை நூலையே நெசவுக்கு எடுங்கள். மினுமினுப்பு குறைவு என்றாலும் நெசவுக்கு ஏற்ற நூல் அதுதான். உலோக மினுமினுப்பு நூலைப் பாவாக வைக்க ஆசை வரும், பழகும் வரை வேண்டாம். விறைப்பாக இருக்கும், மடக்கி மடக்கிப் படுக்க வைத்தால் பிசிர் விடும்.

முதல் சில ராடுகளுக்கு உருவத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நீளவாக்கில் தொடர்ந்து ஓடும் நேர்க்கரை, பெயர் எழுத்துகள் இரண்டும் துளிச் சாய்வைக்கூடக் காட்டிக்கொடுக்கும். வைரம், செதில், வளைந்த மீன் என்றால் கண் அவ்வளவு கண்டுபிடிக்காது. நண்பர் மீனில் தொடங்கியது நல்ல தேர்வுதான்.

இப்போது கையில் இருக்கும் அந்தச் சாய்ந்த மீனை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். எபாக்சி பூசவில்லை என்றால் கவலையே இல்லை. நடு நூல் எந்த வரிசையில் கோட்டை விட்டதோ அதுவரை ஊடையைப் பின்னால் அவிழ்த்துவிட்டு, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பாவை ஒவ்வொன்றாக இழுத்து, ஓர நூல்களைச் சேர்க்க முடியாவிட்டாலும் இருக்கும் ஓர நூல்களையே மேல் கீழாக மாற்றி மாற்றி நெய்துகொண்டு அங்கிருந்து தொடரலாம். அவிழ்த்த நூல் வளைவு நெளிவாக இருக்கும், இழுத்துப் படிய வைத்தால் போதும். பூசிவிட்டார் என்றால் பாதியை மட்டும் எடுக்க முடியாது, முழுவதையும் எடுக்க வேண்டும். மிதமான சூடு காட்டி எபாக்சி இளகியதும், பிளேடைப் பிளாங்கில் படாமல் படுத்த வாக்கில் பிடித்து, நூலின் மேல்புறத்தை மட்டும் சீவி எடுத்தால் மிச்சம் உரிந்து வரும். சூடு மிதமாகவே இருக்கட்டும், பிளாங்கைக் கையால் தொட்டால் சுடாத அளவுக்கு. அடிச்சுற்றும் சேர்ந்தே போய்விடும், கோட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நெசவு நேராக முடிந்த பிறகு முதல் பூச்சை மெல்லியதாகக் கொடுங்கள். தூரிகையைக் குறுக்கே இழுக்காமல் பாவின் திசையில் மட்டும் இழுங்கள். ராடு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கட்டும். நூல் பிசிர்களை அந்தப் பூச்சு காய்ந்த பிறகு பிளேடால் நறுக்கிவிட்டு, அடுத்த பூச்சைத் தாராளமாகக் கொடுக்கலாம்.